ஓடும் பிள்ளையின் குதிகால்

பதினோரு வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் நான்கு நாள் கால்பந்துப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். கொஞ்ச நாளாக ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் அவன் ஓட்டம் தளர்கிறது. முடிந்ததும் குதிகாலைத் தரையில் ஊன்றாமல் நுனிக்காலால் கெந்திக் கெந்தி வண்டிக்கு வருகிறான். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, எங்கேயும் விழவும் இல்லை. இரவு நன்றாகத் தூங்குகிறான். காலையில் ஏறக்குறையச் சாதாரணமாகவே நடக்கிறான். சாயங்காலம் மைதானத்தில் இறங்கிக் கொஞ்ச நேரம் ஓடியதும் வலி திரும்பிவிடுகிறது.

வீட்டில் பாட்டி, "வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். அப்பாவுக்குச் சந்தேகம்: "காலைல நல்லாத்தானே நடந்தே?" பயிற்சியாளர், "ஓட ஓடச் சரியாயிடும்டா, தம்பி" என்று முதுகில் தட்டி அனுப்புகிறார். பாட்டி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மற்ற இரண்டும் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். இந்த வலிக்குக் குறிப்பிட்ட இடம் உண்டு, தெளிவான காரணம் உண்டு. இரண்டு கைகளை வைத்தே அதைக் கண்டுபிடித்துவிடலாம். பிள்ளை சொல்வதை நம்பிக் கேட்க ஒரு பெரியவர் இருந்தால் போதும்.

குதிகால் எலும்பு பிறக்கும்போது ஒரே துண்டாகத்தான் எலும்பாகத் தொடங்கியிருக்கும். ஆனால் அதன் பின்புற ஓரம் வெகுநாள் குருத்தெலும்பாகவே இருக்கிறது. ஏறத்தாழ ஏழு வயதில், பெண் குழந்தைகளுக்கு ஓரிரு ஆண்டு முன்பாக, அந்தக் குருத்தெலும்புக்குள் தனியாக இன்னொரு எலும்புத் துண்டு உருவாகத் தொடங்கும். பிறை வடிவில், குதிகாலின் பின்பக்கத்தை மூடி போட்டதுபோல் அது வளரும். மூடிக்கும் முதன்மை எலும்புக்கும் நடுவே மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு ஒன்று இருக்கும். அதுதான் வளர்ச்சித் தட்டு. பெண் பிள்ளைகளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதிலும் ஆண் பிள்ளைகளுக்குப் பதினைந்து வயதை ஒட்டியும் அந்த அடுக்கு முழுவதும் எலும்பாகி, இரண்டு துண்டும் ஒன்றாகிவிடும். பதினைந்து வயதைத் தாண்டியவர்களிடம் இந்த நோவு மிக அரிதாகவே வருவதற்குக் காரணம் இதுதான். நோகக்கூடிய அந்த அடுக்கே அதற்குப் பிறகு இருப்பதில்லை.

எலும்பு முனைகளில்தான் வளர்கிறது என்பதை ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 18ஆம் நூற்றாண்டிலேயே காட்டினார். வளர்ந்துகொண்டிருந்த ஒரு கோழிக்குஞ்சின் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு துளையிட்டார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது எலும்பு ஓர் அங்குலம் நீண்டிருந்தது. துளைகளுக்கு இடையே இருந்த தூரம் மட்டும் மாறவே இல்லை. நடுப்பகுதி அப்படியே இருக்க, நீளம் முழுவதும் முனைகளில்தான் கூடியிருந்தது. இந்தச் சோதனையை 1727இல் வெளியான தம் நூலில் அவர் எழுதிவைத்தார். அந்த முனைகளில் வேலை செய்வது வளர்ச்சித் தட்டுகள்தான். வளரும் பிள்ளையின் உடலில் எலும்பும் தசைநாணும் உறுதியானவை. அவற்றோடு ஒப்பிட்டால் இந்தக் குருத்தெலும்பு அடுக்கு பலம் குறைந்தது. பெரியவருக்குத் தசைநாணைப் பாதிக்கிற அதே இழுவிசை, பிள்ளைக்கு முதலில் வளர்ச்சித் தட்டைத்தான் பாதிக்கும்.

குதிகால் மூடிக்கு இழுப்பு இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. கெண்டைக்கால் தசைகள் சேர்ந்து, உடலிலேயே தடிமனான தசைநாணாகக் கீழிறங்கி அந்த மூடியில் பிடிக்கின்றன. அது மேல்நோக்கி இழுக்கும். உள்ளங்காலின் அடியில் விரல்கள்வரை ஓடும் தடித்த பட்டை, முன்நோக்கி இழுக்கும். இவை போதாதென்று, ஓடும்போதும் குதித்து இறங்கும்போதும் தரையின் அடி நேராக அங்கேயே விழுகிறது. தச்சர் ஒட்டிய பலகையில் பசை காய்வதற்குள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தபடி, மூன்றாமவர் சுத்தியலால் தட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் அந்த அடுக்குக்கு நேர்கிறது.

எவ்வளவு பலமான இழுப்பு என்பதைப் பின்லாந்தின் ஆய்வாளர் பாவோ கோமி அளந்து காட்டினார். தாமாக முன்வந்தவர்களின் குதிகால் தசைநாணைச் சுற்றிக் கொக்கி வடிவில் ஒரு சிறு அளவுகருவியை அறுவை முறையில் பொருத்தி, அவர்களை நடக்கவும் ஓடவும் குதிக்கவும் வைத்தார். வேகமாக ஓடும்போது அந்த ஒற்றை நாணில் 9,000 நியூட்டன்வரை விசை பதிவானது. ஓடியவரின் உடல் எடையைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். அவர்கள் முழுவளர்ச்சி பெற்ற பெரியவர்கள். முப்பத்தைந்து கிலோ எடையுள்ள பிள்ளையின் காலில் அந்த அளவு விசை எழாது. ஆனால் தன் எடையைப்போலப் பல மடங்கு இழுப்பு, ஓடும் ஒவ்வோர் அடியிலும் அந்த ஈரக் குருத்தில் விழுகிறது. ஓர் அடியால் ஒன்றும் ஆகாது. ஓர் ஆட்டத்தாலும் ஆகாது. இரவுத் தூக்கத்தில் உடல் அதைச் சரிசெய்துவிடும். சரிசெய்வதற்குள் அடுத்த சுமை, அதற்குள் அதற்கடுத்தது என்று வாரக்கணக்கில் சேரும்போதுதான் நோகத் தொடங்குகிறது.

இதில் வளர்ச்சிவேகமும் சேர்ந்துகொள்கிறது. உயரம் கூடும் வேகம் பெண் பிள்ளைகளுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதிலும் ஆண் பிள்ளைகளுக்குப் பதின்மூன்று, பதினான்கிலும் உச்சத்தைத் தொடும். அதற்கு முன்னும் சின்னச் சின்னப் பாய்ச்சல்கள் உண்டு. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு நீளும் வேகத்துக்குக் கெண்டைக்கால் தசை உடனே ஈடுகொடுப்பதில்லை என்றும், அந்த இறுக்கம் குதிகாலைக் கூடுதலாக இழுக்கிறது என்றும் மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். வலியோடு வரும் பிள்ளைகள் எல்லோரிடமும் இறுக்கம் காணப்படுவதில்லை. அதனால் அதையே முழுக் காரணமாகச் சொல்ல முடியாது. விளையாட்டின் சுமையே முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பாஸ்டன் நகரின் எலும்பியல் மருத்துவர் ஜேம்ஸ் வாரன் செவர் 1912இல் இந்த நோவை விரிவாக விவரித்து எழுதினார். இன்றும் மருத்துவச் சீட்டில் 'செவர் நோய்' என்றே எழுதுகிறார்கள். நோய் என்ற சொல்லைப் பார்த்துப் பெற்றோர் கலங்க வேண்டியதில்லை; கிருமியும் இல்லை, பரம்பரைக் கோளாறும் இல்லை. அதே பாஸ்டனில் 1903இல் ராபர்ட் ஆஸ்குட்டும், சூரிக்கில் கார்ல் ஷ்லாட்டரும் முழங்காலுக்குக் கீழே வரும் இதேபோன்ற வலியை எழுதியிருந்தார்கள். அங்கேயும் இதே கதைதான்: வளரும் எலும்பின் ஓரம், அதில் பிடித்திருக்கும் பலமான தசைநாண், ஓயாத இழுப்பு. பேஸ்பால் எறியும் அமெரிக்கச் சிறுவர்களின் முழங்கையிலும், ஜிம்னாஸ்டிக்ஸ் செய்யும் சிறுமிகளின் மணிக்கட்டிலும் வளர்ச்சித் தட்டு இப்படியே நோகிறது. எந்த மூட்டை எந்த விளையாட்டு ஓயாமல் வாட்டுகிறதோ, அங்கே வலிக்கிறது.

இது அரிதான ஒன்றும் அல்ல. நெதர்லாந்தில் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வு ஒன்றில், 6 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கு இது பதிவாகியிருந்தது. மருத்துவரிடம் போகாமல் 'வளர்ற வயசு' என்று விட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

வளர்ச்சி வலி என்று வீடுகளில் சொல்வது வேறு, இது வேறு. அந்த வலி பெரும்பாலும் சாயங்காலம் தாண்டியோ நடுராத்திரியிலோ வரும். இரண்டு கால்களிலும் கெண்டையிலோ தொடையிலோ குடைவதுபோல் இருக்கும். தேய்த்துவிட்டால் பிள்ளை தூங்கிவிடும். மறுநாள் சுவடே இருக்காது, ஓட்டமும் குறையாது. குதிகால் வலி இதற்கு நேர் எதிர். விளையாடும்போதும் விளையாடி முடித்த பிறகும் வலிக்கும், ஓய்வில் அடங்கும். காலையில் இல்லாத வலி சாயங்காலம் வருகிறதே என்று சந்தேகப்படும் அப்பாவுக்கு இதுதான் பதில். அப்படி வருவதுதான் இந்த நோவின் இயல்பு.

சோதித்துப் பார்க்கும் முறை எளிமையானது. பிள்ளையைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்துப் பாதம் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விடுவார்கள். மருத்துவர் தம் இரண்டு உள்ளங்கைகளின் அடிப்பகுதியைக் குதிகாலின் இருபக்கமும் வைத்து, பக்கவாட்டில், நிதானமாக அழுத்துவார். கவனிக்க வேண்டியது அழுத்தும் திசை. அடியிலிருந்து அழுத்தினால் பெரிதாக வலிக்காமல் போகலாம். பக்கவாட்டில், அதுவும் குதிகாலின் பின்கோடிக்குச் சற்று முன்னே அழுத்தும்போது, பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டுக் காலை இழுத்துக்கொள்ளும். வளர்ச்சித் தட்டு சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. அடுத்து, நுனிப்பாதத்தைத் தூக்கி ஒற்றைக் குதிகாலில் நிற்கச் சொல்வார். நின்றதும் முகம் சுளித்தால் பெரும்பாலும் ஐயம் தீர்ந்துவிடும். இரண்டு காலையும் சோதிக்க வேண்டும். பாஸ்டனில் மருத்துவர் லைல் மிக்கேலி 1987இல் வெளியிட்ட அறிக்கையில் 85 பிள்ளைகளுக்கு 137 குதிகால்கள் நொந்திருந்தன. பாதிக்கு மேற்பட்டோருக்கு இரண்டு காலிலும் வலி.

எக்ஸ்-ரேயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கேதான் வீண் பயம் பிறக்கிறது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் குதிகாலின் பின்னே அந்த மூடி வெள்ளை வெளேரென்று, சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று துண்டாகக்கூடத் தெரியும். 'எலும்பு உடைஞ்சிருக்கு' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்று வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. அந்த வெண்மையும் துண்டுகளும் வலியே இல்லாத பிள்ளைகளின் படத்திலும் அப்படியேதான் இருக்கும். வலிக்கும் காலையும் வலிக்காத காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்வது கடினம். ஆகவே படத்தைக் கொண்டு இந்த நோவை உறுதிசெய்ய முடியாது. முறிவு, எலும்புக்கட்டி போன்ற வேறெதுவும் இல்லை என்று உறுதிசெய்யவே படம் பயன்படும். எம்.ஆர்.ஐ. இன்னும் நுட்பமாகக் காட்டும். அமெரிக்க மருத்துவர் ஜான் ஆக்டனின் குழு 2004இல் அப்படிப் பார்த்தபோது, மூடியைவிட அதை ஒட்டிய முதன்மை எலும்பின் ஓரத்திலேயே நுண்ணிய அழுத்தப் பாதிப்பு தெரிந்தது. அதனால்தான் பலர் இன்று இதை மிகைப்பயன்பாட்டுக் காயம் என்று சொல்கிறார்கள். ஆனால் சாதாரணமாக வரும் பிள்ளைக்கு எம்.ஆர்.ஐ. செலவு தேவையே இல்லை.

யாரிடம் அதிகம் வருகிறது? ஓடி, குதித்து, திடீரென்று நின்று திரும்பும் விளையாட்டுகள் எல்லாம் பட்டியலில் வரும். கால்பந்து, கூடைப்பந்து, பாட்மிண்டன், தடகளம். கால்பந்துக்கான ஸ்டட் ஷூவில் குதிகால் பக்கம் மெத்து மிகக் குறைவு. குதிகால் தாழ்வாகவும் இருக்கும். அந்த ஷூவோடு சிமென்ட் தளத்தின்மேல் விரித்த செயற்கைப் புல்லில் ஓடினால் அடி முழுவதும் எலும்புக்குப் போகிறது. நம் ஊரில் இன்னொரு கூட்டத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்: பரதம் பயிலும் பெண் பிள்ளைகள். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுவரைதான் அடவுகளை மூன்று காலத்திலும் திரும்பத் திரும்பச் செய்யும் பருவம். குதித்து மெட்டடவில் நுனிக்காலில் குதித்து, குதிகாலால் தரையைத் தட்ட வேண்டும். நுனிக்காலில் நிற்கும்போது கெண்டைக்காலின் இழுப்பு. தட்டும்போது தரையின் அடி. இரண்டும் மாறி மாறி, அதுவும் வெறுங்காலில், பெரும்பாலும் டைல்ஸ் அல்லது கிரானைட் தரையில். நாட்டடவிலும் குதிகாலை ஊன்றித்தான் தொட வேண்டும். அரங்கேற்றத்துக்கு முந்தைய மாதங்களில் பயிற்சி நேரம் இரட்டிப்பாகும்போது அந்தப் பிள்ளையின் குதிகாலையும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்பது நல்லது. ஆடும் பெண்ணுக்கு வலித்தால் 'சரியா உட்காரல, அதான்' என்று சொல்லிவிடுவது மிகச் சுலபம்.

வலி தொடங்கும் காலத்தைக் கேட்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும். சுமை திடீரென்று கூடிய பிறகுதான் பெரும்பாலும் தொடங்கியிருக்கும். மார்ச், ஏப்ரல் முழுவதும் பரீட்சைக்காக உட்கார்ந்தே இருந்த பிள்ளை, மே மாதம் கோடை முகாமில் காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் என்று இறங்குகிறது. ஜூனில் பள்ளி திறந்ததும் பள்ளி அணி, சனி ஞாயிறு அகாடமி, நடுவே போட்டி. பள்ளியின் பி.டி. ஆசிரியருக்கு அகாடமியில் என்ன நடக்கிறது என்று தெரியாது; அகாடமிக்குப் பள்ளியில் எத்தனை ரவுண்டு ஓடவிட்டார்கள் என்று தெரியாது. மொத்தக் கணக்கையும் அறிந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். அதற்குக் கணக்குச் சொல்லத் தெரியாது. இந்தக் கூட்டலைப் பெற்றோர்தான் செய்ய வேண்டும்.

உதவியாக ஓர் அளவுகோல் உண்டு. சிகாகோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 1,200 இளம் விளையாட்டு வீரர்களைப் பார்த்தார்கள். தங்கள் வயதைவிட அதிக மணி நேரம் வாரத்தில் விளையாடியவர்களுக்குக் கடுமையான மிகைப்பயன்பாட்டுக் காயங்கள் கூடுதலாக இருந்தன. பத்து வயதென்றால் வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வும், ஒரே விளையாட்டில் ஆண்டுக்கு மொத்தம் மூன்று மாதமாவது விடுப்பும் வேண்டும் என்கிறது. நம் அகாடமிகளின் கட்டண அட்டவணையில் இந்த விடுப்புக்கு இடமே இல்லை. நிற்காமல் வருபவனைத்தான் ஆர்வமுள்ள பிள்ளை என்று பாராட்டுகிறோம். இதை மாற்றிக்கொள்ளாத வரை வலியோடு விளையாடும் பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள்.

சிகிச்சை பெரும்பாலும் எளிமையானது. முதல் வேலை சுமையைக் குறைப்பது. விளையாட்டையே நிறுத்துவது எல்லோருக்கும் தேவையில்லை. நொண்டும் அளவுக்கு வலித்தால் சில வாரம் நிறுத்த வேண்டும். லேசாக இருந்தால் பாதி நேரம், குதிப்பதையும் விரைவோட்டத்தையும் தவிர்த்து ஆடலாம். நீச்சல், சைக்கிள் எவ்வளவு வேண்டுமானாலும். இரண்டாவது, ஷூவுக்குள் வைக்கும் குதிகால் மெத்து. ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய உயரம் போதும். குதிகால் சற்று உயர்ந்தால் கெண்டைக்கால் தசைநாணின் இழுப்பு தளரும். அடியும் மெத்தில் அடங்கும். ஒரு காலில் மட்டும் வலித்தாலும் இரண்டு ஷூவிலும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கால்களின் உயரம் ஏறுக்குமாறாகி இடுப்பு சாயும். ஆட்டம் முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸைப் பத்து, பதினைந்து நிமிடம் வைக்கலாம். கடும் வலி அடங்கிய பிறகு, சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை இதமாக நீட்டும் பயிற்சி செய்யலாம்.

வீட்டுக்குள்ளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் செருப்பை வாசலில் கழற்றிவிடுகிறோம். நாள் முழுக்க ஷூவுக்குள் மெத்து வைத்துவிட்டு, சாயங்காலம் முழுவதும் கல் தரையில் வெறுங்காலோடு ஓடினால் பாதிப் பலன் போய்விடும். வலி தீரும்வரை வீட்டுக்குள் மட்டும் போட ஒரு மிருதுவான செருப்பு வாங்கிக் கொடுங்கள். குதிவாதத்துக்குப் பெரியவர்கள் சூடான செங்கல்லின்மேல் எருக்கிலையைப் போட்டுக் காலை வைப்பதுண்டு. பிள்ளைகளிடம் அதை முயலவே கூடாது. தோல் வெந்துபோகும் ஆபத்துதான் மிஞ்சும். குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போடுவதும் இந்த நோவுக்கு வேண்டாம். வலி மாத்திரை போட்டுவிட்டு ஆட்டத்தில் இறக்குவது அதைவிட மோசம். நிறுத்து என்று உடல் சொல்வதைப் பிள்ளையின் காதுக்கு எட்டாமல் செய்துவிட்டு, அதே சுமையை மறுபடி ஏற்றுகிறோம்.

இவற்றில் எது சிறந்தது என்று ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 101 பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு விளையாட்டை நிறுத்திக் காத்திருக்கும் முறை, ஒன்றுக்குக் குதிகால் மெத்து, ஒன்றுக்குத் தசைப் பயிற்சி என்று கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாத முடிவில் மூன்று குழுவிலும் வலி நன்றாகக் குறைந்திருந்தது. குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் ஆறாவது வாரத்தில் மெத்து வைத்தவர்களே அதிகத் திருப்தியோடு இருந்தார்கள். ஆக, விலையுயர்ந்த கருவியோ நெடுநாள் சிகிச்சையோ விற்க வருபவரிடம் அவசரப்பட வேண்டாம். மிக்கேலியிடம் வந்த பிள்ளைகள் எல்லோரும் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் தங்கள் விளையாட்டுக்குத் திரும்பினார்கள். காலின் வளர்ச்சி குன்றுவதோ, பிற்காலத்தில் ஊனம் வருவதோ இந்த நோவால் நேர்வதில்லை.

ஆனால் குதிகாலில் வலிப்பதெல்லாம் இதுவாகிவிடாது. ஓய்விலும் வலிக்கிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறது, காய்ச்சல் இருக்கிறது, வீங்கிச் சூடாக இருக்கிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஆணியோ முள்ளோ குத்தி, மேலே ஆறி, உள்ளே எலும்பில் சீழ் பிடிப்பதுண்டு. வெறுங்காலோடு விளையாடும் ஊர்களில் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். காலையில் எழுந்ததும் வெகுநேரம் விறைப்பாக இருந்து, நடக்க நடக்கத் தளர்ந்தால் மூட்டுவாதத்தின் சிறுவர் வடிவமா என்று பார்க்க வேண்டும். எலும்புக்கட்டியும், மிக அரிதாக ரத்தப் புற்றும்கூட எலும்பு வலியாகத் தலைகாட்டும். ஆறு வயதுக்குக் கீழோ பதினைந்துக்கு மேலோ இருந்தாலும், ஓய்வும் மெத்தும் கொடுத்து இரண்டு மூன்று மாதமாகியும் குறையவில்லை என்றாலும் மறுபடி சோதிக்க வேண்டும்.

திரும்ப விளையாட விடும்போது நாள்காட்டியைப் பார்க்காமல் குதிகாலைப் பாருங்கள். பக்கவாட்டில் அழுத்தினால் வலிக்கக் கூடாது. ஒற்றைக் காலில் பத்துமுறை குதித்தால் வலிக்கக் கூடாது. பிறகு முதல் வாரம் வழக்கமான நேரத்தில் பாதி, அடுத்த வாரம் முக்கால் என்று ஏற்றலாம். மறுநாள் காலைவரை வலி நீடித்தால் ஒரு படி இறங்க வேண்டும். சுவரில் உயரக்கோடு போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்துவையுங்கள். ஐரோப்பாவின் பெரிய கால்பந்து அகாடமிகள் சிறுவர்களின் உயரத்தைத் தவறாமல் குறித்துவருவது வளர்ச்சிப் பாய்ச்சலைக் கண்டுகொள்ளவும்தான். கோடு வேகமாக ஏறும் மாதங்களில் பயிற்சியாளரிடமோ நட்டுவனாரிடமோ சொல்லிக் குதிப்பைக் குறைக்கச் சொல்லலாம். அடுத்த வளர்ச்சிப் பாய்ச்சலில் வலி மறுபடி வரக்கூடும். வந்தால் அதே ஓய்வு, அதே மெத்து, அதே பொறுமை. தட்டு மூடும் பதினைந்து வயதுக்குப் பிறகு அந்தக் கவலையும் இல்லை.